பாஷோ தங்கிய இரவுகள்



நெடுந்தூரம் கால்நடையாகச் செல்லும் ஒருவரைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அவருடைய பகலைப் பற்றியே பேசுகிறோம். ஏறிய மலை எது, கடந்த ஆறு எது, கண்ட காட்சி எது என்று கணக்கெடுக்கிறோம். ஆனால் நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பொழுது சாயத் தொடங்கியதும் அவர்கள் மனத்தில் எஞ்சியிருப்பது ஒரே கேள்விதான்: இன்றிரவு எங்கே படுப்பது? எந்த வீட்டுக் கதவு திறக்கும்? இந்தக் கேள்வியை ஓர் இலக்கியத்தின் அடித்தளமாகவே வைத்துக்கொண்ட கவிஞர் ஒருவரைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அவர் ஜப்பானியக் கவிஞர் மட்சுவோ பாஷோ.

பாஷோ தமிழுக்குப் புதியவர் அல்லர். 1916ஆம் ஆண்டிலேயே பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிய சிறு கட்டுரையில் அவரைக் குறிப்பிட்டிருக்கிறார். பிற்காலத்தில் ஹைக்கூ என்ற பெயர் நம்மிடையே மிகவும் பழகிப்போயிற்று. மூன்று வரியில் எழுதுவது எல்லாம் ஹைக்கூ என்று எண்ணுமளவுக்குப் பழகிவிட்டது. ஆயினும் அந்தச் சிறு கவிதை எங்கே, எந்தச் சூழலில், யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை விளங்கிக்கொள்வதற்குப் பாஷோ நடந்த ஒரு பாதையும் அவர் தங்கிய சில வீடுகளும் நமக்கு உதவும்.

1689ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், இன்று தோக்கியோ என்று வழங்கும் எடோ நகரிலிருந்து பாஷோ புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 45. உடன் சென்றவர் அவரிலும் ஐந்து வயது இளையவரான சோரா என்ற சீடர். ஜப்பானின் வடபகுதிக்கு ஏறி, மலைத்தொடரைக் குறுக்காகக் கடந்து, மேற்குக் கரையோரமாக இறங்கி, ஓகாகி என்ற ஊருக்கு வந்து சேர்வது பயணம். மொத்தத் தூரம் ஏறத்தாழ 2400 கிலோமீற்றர். ஐந்து மாதத்துக்குச் சற்று மேலான காலம். இடையிடையே குதிரையும் படகும் கிடைத்தன. பெரும்பகுதி நடைதான். இந்தப் பயணத்தைப் பற்றிப் பாஷோ எழுதிய நூல் ‘ஓகு நோ ஹொசொமிச்சி’. ‘உள்நாட்டுக்குச் செல்லும் ஒடுங்கிய பாதை’ என்று நாம் அதற்குப் பொருள் சொல்லலாம். உரைநடையும் கவிதையும் கலந்த அந்தச் சிறு நூலை அவர் 1694இல் எழுதி முடித்தார். அது அச்சில் வந்தது அவர் மறைந்த பின், 1702இல்.

புறப்படுவதற்கு முன் பாஷோ தம் குடிசையை விற்றுவிட்டார். அதாவது, திரும்பி வருவதற்கு ஒரு வீடு இல்லாதவராகவே புறப்பட்டார். அவர் பெரிதும் போற்றிய துறவிக் கவிஞர் சைகியோ மறைந்து ஐந்நூறாவது ஆண்டு அது. சைகியோவும் அந்த வடநாட்டுப் பாதையில் நடந்தவர். முன்னோர் பாடிய இடங்களைத் தம் காலால் மிதித்துக் காண வேண்டும் என்பதே பாஷோவின் எண்ணம். தோளில் சுமந்த பொருட்களை அவரே சொல்கிறார்: இரவுக் குளிருக்குக் கடதாசியால் ஆன ஓர் அங்கி, ஒரு மெல்லிய பருத்தி உடை, மழையங்கி, மையும் தூரிகையும், பிறகு நண்பர்கள் பிரிவின்போது கொடுத்த பரிசுகள். வீசியெறிய மனம் வராத அந்தப் பரிசுகளே பெரும் பாரமாயின என்கிறார்.

அக்கால ஜப்பானில் வழிப்போக்கர் தங்குவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பெருவீதிகளில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகத் தங்கல் ஊர்கள் அமைந்திருந்தன. அங்கே குதிரை மாற்றலாம், சுமைகாரரை அமர்த்தலாம், இரவு தங்கலாம். பிரபுக்கள் தங்குவதற்கு மதிப்பான மாளிகைகள் தனியே இருந்தன. பொதுமக்களுக்கு உணவோடு கூடிய விடுதிகள் இருந்தன. அவற்றிலும் மலிவான இடங்களில், கையோடு கொண்டுபோன அரிசியைத் தாமே சமைத்துக்கொண்டு, விறகுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் படுப்பார்கள். ஒவ்வொரு நாட்டெல்லையிலும் காவற் சாவடி உண்டு. யார், எங்கிருந்து, எதற்காக வருகிறார் என்று அங்கே விசாரிப்பார்கள். பெருவீதியை விட்டு விலகி வடக்கே போகப் போக இந்த வசதிகள் குறையும். அங்கே ஊரார் வீடும் கோயிலும்தான் கதி. யாரோ ஒருவர் எழுதித் தந்த அறிமுகக் கடிதமே கையில் உள்ள பெரிய பணம்.

இங்கேதான் கவிதை வருகிறது, நேயர்களே. இன்று நாம் ஹைக்கூ என்று தனியே எடுத்து வாசிக்கும் கவிதை பாஷோவின் காலத்தில் பெரும்பாலும் தனியே நின்றதில்லை. பலர் கூடியிருந்து, ஒருவர் அடியைத் தொடர்ந்து மற்றவர் அடி சொல்லும் தொடர்கவிதையின் தொடக்கமாகவே அது இருந்தது. 36 செய்யுள்கள் கொண்ட தொடர் பாஷோவின் குழுவினருக்கு மிகவும் பிடித்த அளவு. அந்தத் தொடக்கச் செய்யுளின் பெயர் ஹொக்கு. அதை வந்த விருந்தினர் சொல்ல வேண்டும். அந்தப் பருவகாலத்தைச் சுட்டும் ஒரு சொல் அதில் இருக்க வேண்டும். தம்மை ஏற்றுக்கொண்ட வீட்டுக்கு ஒரு வணக்கமாகவும் அது அமைய வேண்டும். அதற்கு மறுமொழியாக இரண்டாஞ் செய்யுளை வீட்டுக்காரர் சொல்வார். பிறகு மற்றவர்கள் தொடர்வார்கள். ஹொக்குவைத் தொடரிலிருந்து பிரித்து, ஹைக்கூ என்ற பெயரில் தனிக் கவிதையாக நிலைநிறுத்தியவர் மசாஒகா ஷிகி. அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்தது.

ஆகவே, உலகம் போற்றும் அந்தச் சிறு கவிதை பிறப்பால் ஒரு விருந்தாளியின் பேச்சு. கதவைத் திறந்தவரிடம் அன்றைய மழையையோ காற்றையோ பூவையோ காட்டி நன்றி சொல்லும் பேச்சு. பாஷோ தங்கியதற்குக் கொடுத்த கூலி பெரும்பாலும் அதுதான். வடநாட்டுச் சிற்றூர்களில் வாழ்ந்த வணிகர்களும் ஊர்த்தலைவர்களும் கவிதையில் ஆர்வமுள்ளவர்கள். தலைநகரிலிருந்து ஓர் ஆசான் வருவது அவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு. அவர்கள் உணவும் படுக்கையும் கொடுத்தார்கள். பாஷோ அவர்களோடு அமர்ந்து பாடினார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மொகாமி ஆற்றங்கரையில் ஓயிஷிதா என்ற ஊர். படகுப் போக்குவரத்தை நடத்திய ஒருவர் வீட்டில் பாஷோ தங்கினார். அவ்வூரார் பழைய முறையில் கவிதை பழகியவர்கள். புதுவழியில் செல்வதா பழையதிலேயே நிற்பதா என்று வழிகாட்ட ஆளின்றித் தடுமாறுகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். பாஷோ அவர்களோடு அமர்ந்து ஒரு தொடர்கவிதையை முடித்துக் கொடுத்தார். அதன் தொடக்கச் செய்யுள் மழைக்காலத்து நீரையெல்லாம் திரட்டி ஓடும் மொகாமி ஆற்றைப் பற்றியது. வீட்டில் சொன்னபோது அதில் ‘குளிர்ச்சி’ என்ற சொல் இருந்தது. கோடையில் ஒரு வீட்டைக் குளிர்ச்சி என்பது விருந்தளிப்பவரைப் பாராட்டும் மரபு. பின்னர் பாஷோ அதே ஆற்றில் படகேறிப் போனார். வெள்ளம் பெருகிய ஆறு அது. நூலை எழுதும்போது அந்த ஒரு சொல்லை மாற்றினார். ‘குளிர்ச்சி’ போய் ‘விரைவு’ வந்தது. இன்று எல்லாரும் அறிந்திருப்பது இந்த இரண்டாவது வடிவந்தான். முதல் வடிவம் வீட்டுக்காரருக்குச் சொன்னது. இரண்டாவது வடிவம் ஆற்றைக் கண்டு சொன்னது. ஒரு சொல் மாற்றத்தில் விருந்தினரின் நன்றி, பயணியின் அச்சமாக மாறிவிடுவதைக் காண்கிறோம்.

எல்லா இரவுகளும் இப்படிக் கவிதையோடு கழியவில்லை. ஈசூகா என்ற ஊரில் வெந்நீரூற்றில் குளித்துவிட்டுத் தங்கிய வீடு மண்தரையில் பாய் விரித்த ஓர் ஏழை வீடு. விளக்குக்கூட இல்லை. இரவில் இடிமழை, கூரை ஒழுகியது. தெள்ளும் நுளம்பும் உறங்கவிடவில்லை. போதாதற்குப் பழைய நோய் கிளம்பி வருத்தியது. வழியிலே செத்தாலும் அது விதிதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு மறுநாள் நடந்ததாக எழுதுகிறார்.

ஷிதொமாயே காவற் சாவடியைத் தாண்டியபின், மலையில் எல்லைக்காவலர் வீடொன்றில் காற்றுமழையால் மூன்று நாள் அடைபட்டதாகவும் நூலில் வருகிறது. தெள்ளும் பேனும், தலைமாட்டில் சிறுநீர் கழிக்கும் குதிரையும் கூடிய அந்த இரவைப் பற்றிய கவிதை மிகவும் புகழ்பெற்றது. அது வீட்டுக்காரரைப் பழிப்பதற்காகச் சொன்னதன்று. குதிரை வளர்ப்பிற் பேர்பெற்ற அந்த மலைநாட்டில் குதிரைகளை வீட்டுக் கூரையின் கீழேயே கட்டுவார்கள். அந்த வீடு இன்றும் பேணப்பட்டு வருகிறது. மனிதர் படுக்கும் இடமும் குதிரைக் கொட்டிலும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை அங்கே காணலாம். குதிரையும் அந்தக் குடும்பத்தில் ஒன்று.

இதற்கு அடுத்தாற்போல் ஓபனசாவா வருகிறது. அங்கே செய்ஃபூ என்ற செந்தூரகப் பூ வணிகர் பாஷோவை வரவேற்றார். செல்வராயினும் சிறுமையில்லாதவர், தாமும் தலைநகருக்கு அடிக்கடி பயணஞ் செய்பவராதலால் வழிநடப்பவரின் மனம் அவருக்குத் தெரியும் என்று பாஷோ பாராட்டுகிறார். விருந்தோம்பலுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் உண்டோ என்று தெரியவில்லை. தானும் ஓர் இரவில் இடந்தேடி அலைந்தவனே பிறனுக்கு இடங்கொடுக்க அறிவான்.

இதுவரை நான் சொன்னவை பெரும்பாலும் பாஷோவின் நூலில் உள்ளவை. இந்தப் பயணத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. உடன் சென்ற சோரா நாள்தோறும் ஒரு குறிப்பேடு எழுதிவந்தார். நெடுங்காலம் பொதுமக்கள் அறியாமல் இருந்த அந்தக் குறிப்பேடு 1943இல் அச்சில் வெளியாயிற்று. அதில் அழகு இல்லை. நாள், வானிலை, தூரம், தங்கிய வீட்டுக்காரர் பெயர் இவைதாம் உண்டு. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தபோது வாசகர்கள் திகைத்துப்போனார்கள். இரண்டும் பல இடங்களில் ஒத்துவரவில்லை.

முதல் இரவே வேறு. சோகா என்ற ஊரை அரும்பாடுபட்டு அடைந்ததாகப் பாஷோ எழுத, அதையும் தாண்டிக் கசுகாபேயில் தங்கியதாகச் சோரா எழுதியிருக்கிறார். எல்லைக்காவலர் வீட்டில் மூன்று நாள் என்பது சோராவின் கணக்கில் இரண்டு இரவு. செய்ஃபூவின் ஊரில் தங்கிய பத்து இரவில் ஏழு இரவு ஒரு கோயிலில் கழிந்தது. பூப்பறிக்கும் பருவத்தில் வணிகருக்கு ஓய்வில்லை. இஷினொமாகித் துறைமுகத்தில் வழிதவறிப் போய்ச் சேர்ந்ததாகவும், இடங்கேட்டும் ஒருவரும் கொடுக்காமல் கடைசியில் ஓர் எளிய வீட்டில் இரவைப் போக்கியதாகவும் நூல் சொல்கிறது. சோராவோ, வழியில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு எந்த வீட்டிலும் கிடைக்காமல் வருந்தியபோது, எதிர்ப்பட்ட ஒருவர் இரங்கித் தமக்குத் தெரிந்த வீட்டில் வெந்நீர் வாங்கிக் கொடுத்து, இஷினொமாகியில் தங்குவதற்கு ஒரு வீட்டையும் சொல்லிவிட்டார் என்று எழுதுகிறார்.

அப்படியானால் பாஷோ பொய் சொன்னாரா? சிலர் அப்படிக் கேட்டதுண்டு. ஆனால் பாஷோ எழுதியது நாட்குறிப்பு அன்று. தொடர்கவிதையில் மகிழ்ச்சிக்குப் பின் துயரமும், கூட்டத்துக்குப் பின் தனிமையும் மாறிமாறி வருவதுபோல அவர் தம் இரவுகளை அடுக்கியிருக்கிறார். செல்வர் வீட்டுக்கு முன் குதிரைக் கொட்டில் வருவதும் அவ்வகையானதே. ஆயினும் இந்த விளக்கத்தோடு நிறுத்திவிட என் மனம் ஒப்பவில்லை. அவர் எதைச் சேர்த்தார் என்பதோடு எதை விட்டார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மேற்குக் கரையில் கஷிவசாகி என்ற ஊர். சந்திர மாதக் கணக்கில் ஏழாம் மாதம் ஐந்தாம் நாள், ஓர் அறிமுகக் கடிதத்தோடு ஒரு வீட்டுக்குப் போனார்கள். தங்குவதற்கு ஏற்பாடு ஆகியும், ஏதோ மனக்கசப்பினால் வெளியேறிவிட்டதாகச் சோரா குறித்திருக்கிறார். அந்த வீட்டார் இருமுறை வழியில் ஓடிவந்து தடுத்தும் நிற்கவில்லை. விட்டுவிட்டுத் தூறிய மழையில் அடுத்த ஊர்வரை நடந்தார்கள். பாஷோவின் நூலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பகுதி முழுவதையுமே, வெப்பத்தாலும் மழையாலும் களைத்து நோயுற்றதால் எதுவும் எழுதவில்லை என்று கடந்துவிடுகிறார்.

அதற்கு ஒரு கிழமை கழித்து, பன்னிரண்டாம் நாள், இச்சிபுரி என்ற எல்லை ஊரில் தங்கினார்கள். அதற்கு முன்னாலுள்ள கரையோரப் பாதையின் பெயர் ‘தாய்தந்தை அறியார்’ என்று பொருள்படும். மலைக்கும் அலைக்கும் இடையே தம் உயிரைக் காத்துக்கொண்டு ஓடுகையில் பெற்றவரும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க இயலாத வழி என்பது கருத்து. களைத்துப் படுத்த பாஷோவின் காதில் அடுத்த அறைப் பேச்சு விழுகிறது. நிகாதா என்ற ஊரிலிருந்து ஈசே பெருங்கோயிலுக்குத் தலயாத்திரை போகும் இரண்டு பொதுமகளிர். எல்லைவரை துணைக்கு வந்த முதியவர் மறுநாள் திரும்பப் போகிறார். இனி அவர்கள் தனியே. தங்கள் வாழ்க்கையை நொந்து பேசிக்கொண்டே அவர்கள் உறங்குவதைப் பாஷோ கேட்கிறார்.

காலையில் அவர்கள் அவரிடம் வருகிறார்கள். முன்பின் அறியாத வழி அச்சமாக இருக்கிறது. உங்கள் அருகில் வர வேண்டாம், உங்கள் சுவட்டைப் பார்த்துக்கொண்டு தூரத்தில் வருகிறோம். துறவியின் உடை உடுத்த நீங்கள் இரங்க வேண்டும் என்று கண்ணீரோடு கேட்கிறார்கள். பாஷோ மறுத்துவிடுகிறார். நாங்கள் பல இடங்களில் தங்கித் தங்கிப் போகிறவர்கள், இவ்வழியே போகும் மற்றவர்களோடு செல்லுங்கள், தெய்வம் காக்கும் என்கிறார். அந்த இரக்கம் நெடுநேரம் தம்மை விட்டு நீங்கவில்லை என்று எழுதி, அங்கே ஒரு கவிதையும் வைக்கிறார். அதைச் சோராவிடம் சொன்னதாகவும் சோரா எழுதிவைத்ததாகவும் சொல்கிறார். ஆனால் சோராவின் குறிப்பேட்டில் அந்தப் பெண்களும் இல்லை, அந்தக் கவிதையும் இல்லை.

தொடர்கவிதையில் காதற் செய்யுள் ஒன்று வரவேண்டும் என்பது மரபு; அதற்காகவே இந்தக் காட்சி புனையப்பட்டது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இருக்கலாம். ஆனால் புனைவென்றால், ஏன் தம்மை மறுப்பவராகப் புனைந்தார்? பெண்களுக்கு உதவியவராகத் தம்மைக் காட்டிக்கொள்வது எளிது. ஐந்து மாதம் பிறர் திறந்த கதவுகளால் வாழ்ந்தவர் அவர். நாசு என்ற புல்வெளியில் வழிதெரியாமல் நின்றபோது, முன்பின் அறியாத குடியானவர் ஒருவர் தம் குதிரையையே கொடுத்து, அது நிற்கும் இடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அத்தகையவர் தம்மிடம் துணை கேட்டவர்களுக்கு இல்லை என்றதை நூலில் எழுதிவைக்கிறார். தமக்கு நேர்ந்த கசப்பை மறைத்தார். தம்மால் பிறருக்கு நேர்ந்த கசப்பை வெளிப்படுத்தினார். அவருடைய நூலை நாட்குறிப்பிலிருந்து வேறாக்கி இலக்கியமாக உயர்த்துவது இதுவே என்பது என் துணிபு.

பிறகு பிரிவு வருகிறது. யமனாகா வெந்நீரூற்றில் சோரா வயிற்று நோயால் முன்னே போய்விட்டார். பாஷோ அடுத்துத் தங்கிய கோயிலில் முந்தின இரவுதான் சோரா படுத்திருந்தார். இரவெல்லாம் மலைக்காற்றைக் கேட்டுக்கொண்டு உறங்காமல் கிடந்தேன் என்ற பொருளில் ஒரு கவிதையை அங்கே விட்டுச் சென்றிருந்தார். ஓர் இரவு இடைவெளி ஆயிரம் காதத் தூரமாகத் தோன்றியது என்கிறார் பாஷோ. காலையில் அவர் புறப்படும்போது இளந்துறவிகள் கடதாசியும் மைக்கல்லும் எடுத்துக்கொண்டு படிவரை ஓடிவந்தார்கள். இரவு தங்கியவர் காலையில் முற்றத்தைப் பெருக்கிவிட்டுப் போவது அவ்வகைக் கோயில்களின் வழக்கம். அதையே பொருளாக்கி, செருப்பைக் கட்டியபடியே ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

அந்தப் பகுதியில் அவருக்குத் துணையாக வந்தவர் கனசாவா ஊர் ஹொகுஷி. பாரதியார் தம் கட்டுரையில், வீடு தீப்பிடித்து எரிந்தபோதும் மனங்கலங்காமல் கவிதை சொன்னவர் என்று காட்டும் அதே ஹொகுஷிதான். சிறிது தூரம் வழிவிடவந்தவர் பல நாள் கூடவே நடந்து, மட்சுஒகா என்ற ஊரின் கோயிலில்தான் பிரிந்தார்.

பாஷோ நடந்த இடங்களெல்லாம் அப்படியே இல்லை. தீவுகள் நிறைந்த கிசகாதாக் கடற்கழியைக் கண்டு அவர் உருகி எழுதினார். 1804ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அந்த நிலம் மேலெழுந்தது, கழி வற்றியது. இன்று வயல்களுக்கு நடுவே சிறு குன்றுகளாக அந்தத் தீவுகள் நிற்கின்றன. படகில் சுற்றிய இடத்தில் இன்று நெல் விளைகிறது.

ஓகாகியில் சீடர்கள் சூழ்ந்து, இறந்தவர் மீண்டதுபோல் மகிழ்ந்தார்கள். சோராவும் வந்து சேர்ந்தார். ஆனால் பாஷோ அங்கே நிலைகொள்ளவில்லை. சந்திர மாதக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஆறாம் நாள் ஈசேக்குப் படகேறினார். ஈசே, அந்த இரு பெண்களும் போய்க்கொண்டிருந்த அதே கோயில். நூல் அத்துடன் முடிகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1694இல், மற்றொரு பயணத்தின் நடுவே ஒசாக்காவில் நோயுற்று, பூ வணிகர் ஒருவரிடம் வாடகைக்குப் பெற்ற அறையில் அவர் உயிர் பிரிந்தது. சீடர்கள் சுற்றியிருந்தார்கள். அந்த அறையும் ஒரு தங்கல்தான்.